புனையா ஓவியம்: பென்சில் வரைவுகளிற் காணும் ஓவியன் தொழில்

ஓவியத்தைக் காண்போர் பெரும்பாலும் அதன் முடிவையே காண்கின்றனர். சட்டமிட்டுச் சுவரிலே தொங்கும் படம் எவ்வாறு தொடங்கிற்று, எங்கே தடுமாறிற்று, எவ்விடத்தில் ஓவியன் தன் முதலெண்ணத்தைக் கைவிட்டு வேறொன்றை மேற்கொண்டான் என்பனவெல்லாம் வண்ணப் பூச்சின் கீழ் மறைந்து போகின்றன. திருக்கோணமலை மாவட்டத்துத் தம்பலகாமக் குடாவிலே தட்டையான சிப்பி வகையொன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதன் சிறு முத்துக்களுக்காக அங்கே முத்துக்குளிப்பு நடைபெற்றது. அச்சிப்பியின் ஓடு மிக மெல்லியது; ஒளியைப் புகவிடும், ஆயின் அப்பாலுள்ள உருவத்தைக் காட்டாது. கோவை முதலிய இடங்களில் என எண்ணற்க, போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலே இத்தகைய ஓடுகளைப் பலகணிகளிற் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்தனர். முற்றுப்பெற்ற ஓவியம் அத்தகைய பலகணியை ஒத்தது. கதவைத் திறந்து உள்ளே நோக்க விரும்புவோர் ஓவியன் கீறி ஒதுக்கிய பென்சில் வரைவுகளையே நாடவேண்டும்.

வண்ணந் தீட்டாத வரைவைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு சொற்றொடரே சான்றாகும். நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் 'புனையா ஓவியம்' என்னும் வழக்கு வருகின்றது. வண்ணங்களைக் கொண்டு எழுதாது வடிவை மாத்திரம் கோட்டினாற் காட்டிய ஓவியம் என்பதே நச்சினார்க்கினியர் கொண்ட பொருள். நெடுநல்வாடையில் இவ்வுவமை, தலைவனைப் பிரிந்து அணிகலன்களை நீக்கியிருக்கும் அரசிக்கு வருகின்றது. மணிமேகலையில் ஆதிரையின் மனையிற் புகுந்து நிற்கும் துறவுக்கோலத்து மணிமேகலைக்கு வருகின்றது. இரண்டிடத்தும் உவமிக்கப்படுபவள் அணி துறந்த பெண் என்பது கருதத்தக்கது. அணியில்லாமை ஈண்டு அழகின்மையாகக் கூறப்படவில்லை. உருவத்தின் மெய்யான அமைதி அப்பொழுதுதான் வெளிப்படுகின்றது என்னும் குறிப்பே தோன்றுகின்றது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தைச் சார்ந்த சித்திர சூத்திரமும், வண்ணச் செறிவைப் பொதுமக்கள் விரும்ப, ஓவிய ஆசிரியர்கள் போற்றுவது கோட்டையே எனக் கூறும்.

பென்சில் தோன்றுமுன் இக்கோடுகள் எதனாற் கீறப்பட்டன? மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய அபிலஷிதார்த்த சிந்தாமணி இதற்கு விடை தருகின்றது. மையைச் சோற்றுடன் சேர்த்துப் பிசைந்து, திரிபோல உருட்டி, உலர்த்திக்கொள்வது வர்த்திகை எனப்படும். கேரள நாட்டு ஸ்ரீகுமாரரின் சிற்பரத்தினம் செங்கற்பொடியும் உலர்ந்த சாணமும் கலந்து செய்யும் எழுதுகோலொன்றைக் கூறுகின்றது. இவற்றாற் கீறிய கோட்டைத் துணியாற் தட்டி எளிதில் அகற்றலாம். இச்செய்தி சிறிதாயினும் பொருளுடையது. அழிக்கத்தக்க கருவியை ஓவியன் தேடிக்கொண்டான் என்றால், தான் முதலிற் கீறுவது பிழைபடலாம் என்று அவன் எதிர்பார்த்தான் என்பதே கருத்து. கோயிற் சிற்பிகள் கல்லின்மேற் காவிக் கோடிட்டு, அது உளிபட்டு மறைய மறைய மீண்டும் மீண்டும் எழுதிக்கொள்ளும் வழக்கமும் இவ்வகையினதே.

பென்சிலின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடமுண்டு. இங்கிலாந்தின் பொறோடேல் என்னுமிடத்தில் 16ஆம் நூற்றாண்டிலே வெட்டியெடுக்கப்பட்ட கரிய கனிப்பொருளை ஈயத்தின் ஒரு வகையென்றே மக்கள் நெடுங்காலம் கருதினர். அது கரியின் வேறொரு வடிவமே என்பதை 1779இல் ஷீலே என்னும் வேதியியலாளர் காட்டினார். ஆயினும் பழைய மயக்கம் பெயரளவில் நிலைத்துவிட்டது. தமிழிலும் அப்பொருள் காரீயம் என்றே வழங்குகின்றது. 1795இல் பிரான்சு நாட்டுக் கொந்தே என்பார் காரீயப்பொடியைக் களிமண்ணுடன் கலந்து சுட்டு, வன்மையும் மென்மையுமான பல்வகைப் பென்சில்களை ஆக்கும் வழியைக் கண்டார். இலங்கையின் போகலை, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிற் கிடைக்கும் காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்புபோல ஓடுவது. தூய்மையில் உலகப் புகழ் பெற்றது. அதன் பெரும்பகுதி உலோகமுருக்கும் குகைகள் செய்வதற்கே சென்றது. ஒரு பங்கு பென்சிலாகி உலகெங்கும் பரவிற்று.

இக்காரீயத்தை ஆராய்ந்து 1900ஆம் ஆண்டில் இலண்டன் புவியியற் கழகத்தின் இதழிற் கட்டுரை எழுதிய இளைஞரே பிற்காலத்திற் கலைப்புலவராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி. 1877இற் கொழும்பிற் பிறந்த அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராயிருந்தவர். ஊரூராய்க் கல் தேடிச் சென்றவரின் கண்ணிற் கைவினைஞர் பட்டனர். அதன் பயனாக 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1910இலும் 1912இலும் 'இந்திய வரைவுகள்' என்னும் தலைப்பில் இரு தொகுதிகளை அவர் வெளியிட்டார். வண்ண ஓவியங்களையே பலரும் திரட்டிய அக்காலத்தில், பட்டறைகளிற் கிடந்த கோட்டுருவங்களையும் முற்றுப்பெறாத தாள்களையும் நூலாக்கத் தகுந்தனவென அவர் மதித்தது பெருஞ்செயலாகும்.

இனி, ஒரு வரைவை எவ்வாறு படிப்பது என்பதைக் காணலாம். தம்பலகாமத்து வயல்வெளியில் ஒரு மாணவன் தாளும் பென்சிலும் கொண்டு நிற்பதாகக் கொள்க. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடக்கின்றன. அவற்றின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில் நிற்கின்றது. 1624இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்தபின் அங்கிருந்து காக்கப்பட்ட திருவுருவங்களோடு தொடர்புபடுத்தி மரபு போற்றும் கோயில் அது. மாணவன் முதலிற் கோயிலைக் கீறான். கை தன்னையறியாமலே நெடுக்காக ஒரு மெல்லிய கோட்டை இழுக்கும். வானமும் வயலும் கூடுமிடம் அது. அக்கோடு தாளின் நடுவே விழுந்தால் வானமும் வயலும் ஒன்றோடொன்று போட்டியிடும். ஆகவே சற்றுக் கீழே இன்னொரு கோடு விழுகின்றது. பின்னர் கோயிலுக்காக ஒரு நிமிர்ந்த சிறு கீற்று. அதன் உயரத்தைப் பென்சிலை நீட்டிப் பெருவிரலால் அளந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் இரு புள்ளிகள். அருகிலுள்ள மரம் முதலில் வலப்புறம் இருந்தது. பின்னர் இடப்புறம் மாறிற்று. முதன் மரத்தின் தடம் மெல்லிதாய் இன்னும் தெரிகின்றது. வரம்புகள் கண்ணைக் கோயிலிடத்துச் செலுத்துமாறு மும்முறை வளைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது வளைவே அழுத்தமாக விழுந்திருக்கின்றது.

இத்தாளை நோக்குவோர்க்கு ஒரு காலவரிசை கிட்டுகின்றது. மெல்லிய கோடு ஐயத்தைக் காட்டும். ஒன்றன்மேலொன்றாய் அமைந்த பல கோடுகள் தேட்டத்தைக் காட்டும். அழுத்தமான ஒற்றைக்கோடு துணிவைக் காட்டும். கோயில் நன்கு கீறப்பட்டு வயல் நான்கு கோடுகளோடு நின்றுவிட்டதாயின், அவன் கண் எங்கே தங்கிற்று என்பதைக் கேட்டறிய வேண்டுவதில்லை. வெற்றிடமும் ஒரு செய்தியே. ஓவியன் அறியாத பகுதியும் வெற்றிடமாகும். மிக நன்றாய் அறிந்த பகுதியும் வெற்றிடமாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே வரைவு படிப்போர்க்குள்ள கடினம். ஒரே ஓவியனின் பல தாள்களை ஒப்புநோக்கினாலன்றி இது கைகூடாது.

தாளின் ஓரத்தில் எழுதப்படும் சொற்களும் வரைவின் பகுதியே. எட்வேட் லியர் என்னும் ஆங்கில ஓவியரின் தாள்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொருளற்ற வேடிக்கைப் பாடல்களாற் பெயர் பெற்ற அவர் தொழிலால் நிலக்காட்சி ஓவியர். 1873ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, 1874இல் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் வரைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கும் வந்து சென்றார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. காட்சியின் முன் அமர்ந்து பென்சிலால் விரைந்து கீறுவார். இடத்தின் பெயர், நாள், நேரம், தொடரெண் ஆகியவற்றைத் தாளின் அடியிற் குறிப்பார். எவ்விடம் எவ்வண்ணம் என்பதை அவ்வவ்விடத்திலேயே சொல்லாக எழுதுவார். சில சொற்களை வேண்டுமென்றே பிழைபட எழுதி விளையாடுவார். தங்குமிடம் சேர்ந்தபின், சில சமயம் பன்னாள் கழித்து, பென்சிற் கோட்டின்மேல் மை ஏற்றி மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். நேரத்தைக் குறித்ததற்குக் காரணம் எளிது: காலை எட்டு மணி நிழலும் மாலை நான்கு மணி நிழலும் ஒரே படத்தில் வரலாகாது. அவருடைய தாளொன்றில் மூன்று காலங்கள் படிந்திருக்கின்றன. கண்ட கணத்தின் பென்சில் கீழே. நினைவின் மை அதன்மேலே. இரண்டையும் இணைக்கும் பாலமாக அச்சொற்குறிப்புக்கள். அவருடைய பல நூறு இந்திய வரைவுகள் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஹௌற்றன் நூலகத்தில் உள்ளன.

லியருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இமயமலைச் சாரலிலுள்ள பஹாரி ஓவியரும் இம்முறையைக் கையாண்டனர். முற்றுப்பெறாத பஹாரித் தாள்களிற் சேலைமீது ஓரெழுத்தோ சிறு சொல்லோ காணப்படும். சிலவற்றில் வண்ணத்தின் ஒரு துளியே வைக்கப்பட்டிருக்கும். எவ்வண்ணம் பூசவேண்டும் என்பதற்கான குறிப்பு அது. பட்டறையில் ஒருவன் கீற மற்றொருவன் பூசும் வழக்கம் இருந்தமையும் அதனாற் புலனாகும். இவ்வோவியர் பல தாள்களை ஒட்டி மெருகிட்ட கடதாசியில் முதலிற் காவியாலோ கரியாலோ மெல்லக் கீறுவர். அதன்மேல் வெள்ளையை நீர்த்துப் பூசுவர். பழைய கோடு வெள்ளையினூடே மங்கலாய்த் தெரியும். தெரியும் கோடுகளுள் வேண்டியதை மட்டும் தேர்ந்து தூரிகையாற் கறுப்புக் கோடிடுவர். அழிறப்பர் அறியாத காலத்தில் இவ்வெள்ளைப் பூச்சே அவர்களுக்கு அப்பணியைச் செய்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அழிறப்பர் முதலெண்ணத்தை ஒழித்துவிடும். வெள்ளைப் பூச்சு அதை மங்கச்செய்து, ஓவியனுடன் உரையாட விட்டுவைக்கும்.

குலேர் என்னும் சிற்றரசைச் சார்ந்த நயின்சுக் இக்கூட்டத்துத் தலைசிறந்தவர். அவர் தந்தை பண்டித சேயு, தமையன் மாணக்கு. ஜஸ்ரோட்டா நாட்டு பல்வந்த்சிங் என்னும் அரசகுமரனை நயின்சுக் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து வரைந்தார். அவன் இசை கேட்பதையும் கடிதம் எழுதுவதையும் தாடி திருத்துவிப்பதையுங்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவ்வரைவுகளில் முகம் நுணுக்கமாய் முடிந்திருக்க, உடை ஓரிரு வளைவுகளோடு நின்றிருப்பதைப் பல தாள்களிற் காணலாம். 1763இல் நயின்சுக் ஹரித்துவாரத்திற்கு யாத்திரை சென்றபோது, பண்டாவின் குலப்பதிவேட்டிலே தம் குடிவழியை எழுதியதோடு ஓர் ஓவியத்தையும் வரைந்துவைத்தார். இவ்வகைப் பதிவேடுகளைத் துருவியே பி. என். கோசுவாமி என்னும் அறிஞர் பஹாரி ஓவியரின் குடும்ப வரலாற்றை நிறுவினார். அக்குடும்பங்கள் வண்ணப்படங்களை அரசர்க்கு அளித்தன. வரைவுகளை வீட்டில் வைத்துக்கொண்டன. மகனும் பேரனும் அவற்றைப் பார்த்தே தொழில் கற்றனர். மெல்லிய மான்தோலில் உருவைப் படியெடுத்து, கோட்டின் வழியே ஊசியாற் துளையிட்டு, கரிப்பொடி தட்டிப் புதிய தாளில் இறக்கும் முறையும் உண்டு. அரசர்க்குப் படம் செல்வம். ஓவியர்க்கு வரைவே செல்வம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. இந்தியக் கலைஞன் கண்முன் உள்ளதைப் பார்த்து வரைபவனல்லன், தியானத்தால் உள்ளத்தில் முழுமையாகக் கண்ட உருவையே புறத்தில் இறக்குபவன் என்பது ஆனந்த குமாரசுவாமி பலகாலும் வற்புறுத்திய கொள்கை. 1934இல் வெளிவந்த 'கலையில் இயற்கையின் மாற்றம்' பற்றிய அவர் நூலில் இக்கருத்து முழு வடிவம் பெற்றது. காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தில், மாளவிகையை நேரிற் கண்ட அரசன், படம் அவளழகுக்குக் குறைந்து போனமைக்கு ஓவியனின் சமாதி தளர்ந்தமையே காரணம் என எண்ணுகின்றான். கை தவறியதென்று அவன் கூறவில்லை. மன ஒருமை தவறியதென்கின்றான். இக்கொள்கையின்படி, உருவம் உள்ளத்தில் முற்றியபின் கை அதைப் பின்பற்றுவது மாத்திரமே எஞ்சும். அவ்வாறாயின் திருத்தம் எதற்கு? தேடும் கோடு எதற்கு? மூன்று முறை வளைத்த வரம்பு எதற்கு?

காளிதாசரே மறுபக்கத்தையும் காட்டியிருக்கின்றார். சாகுந்தலத்தின் ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தன் சகுந்தலையின் உருவைத் தானே வரைந்து வைத்திருக்கின்றான். அப்படம் முற்றுப்பெறவில்லை. இன்னும் எவற்றை வரையவேண்டும் என்று அவன் விதூஷகனிடம் கூறுகின்றான். மாலினி ஆறும் அதன் மணலில் அன்னப்பேடும் சேவலும், இமயத்தின் அடிவாரமும், மரவுரி தொங்கும் மரமும், அதன் கீழே கலைமானின் கொம்பிற் கண்ணை உரைஞ்சும் பிணைமானும் அவன் கூறுவன. காதில் மலர் செருகுவதையும் மறந்துவிட்டதாகக் குறைப்படுகின்றான். முகம் முதலில், சூழல் பின்னர், அணி அதன் பின்னர் என்னும் ஒழுங்கு இதனாற் பெறப்படும். படத்தைப் பார்த்த பின்னரே விடுபட்டது நினைவுக்கு வருகின்றது என்பது மேலும் நோக்கத்தக்கது. உள்ளத்திலிருந்த உருவம் முழுமையானதென்று அவன் எண்ணியிருந்தான். தாளில் விழுந்த உருவமே அதன் குறையை அவனுக்கு உணர்த்திற்று.

வரைவுகளைக் கொண்டு நோக்கின், குமாரசுவாமியின் கொள்கை பொய்யன்று. ஆனால் அது ஒரு நிலையை மட்டுமே கூறுகின்றது. தியான சுலோகத்தாலும் தாள அளவாலும் வரையறுக்கப்பட்ட திருவுருவத்தை எழுதும் ஸ்தபதிக்கு உருவம் முன்னரே உள்ளது. அவன் பலகையிற் கீறும் நடுக்கோடும் அளவுக்கோடுகளும் தேடுவனவல்ல, நிறுவுவன. பல்வந்த்சிங் தாடி திருத்துவிக்கும் காட்சிக்கோ எந்தச் சுலோகமும் இல்லை. அங்கே கை தேடியே ஆகவேண்டும். ஒருவேளை ஸ்தபதியும் இளமையில் ஆயிரந் தடவை தேடிக் கீறியதனாலேயே முதுமையிலே தேடாமற் கீறுகின்றான் போலும். 'இந்திய வரைவுகள்' என்னும் தொகுதியை வெளியிட்ட கையே அக்கொள்கையையும் எழுதிற்று என்பது சிந்தனைக்குரியது.

ஐரோப்பாவிலே இத்தேடலை வெளிப்படையாய்ப் போற்றியவர் லியனார்டோ தா வின்சி. உறுப்புக்களைத் தொடக்கத்திலேயே திருத்தமாக முடித்துவிடும் ஓவியர் பின்னர் அவற்றை மாற்ற மனங்கொள்ளார் என்று அவர் இளையோரை எச்சரித்தார். தாயும் மகவும் புனித அன்னையும் சேர்ந்த குழுவுக்காக அவர் கீறிய தாளொன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. கோட்டின்மேற் கோடாகக் கீறிக் கீறி, நடுப்பகுதி கரிய குழம்பாகவே ஆகிவிட்டது. எது கை, எது கால் என்று பிறர் கூற இயலாது. அக்குழம்பிலிருந்து தாம் தேர்ந்த புறக்கோட்டைக் கூரிய ஊசிமுனையால் அழுத்தி, தாளைத் திருப்பி, பின்புறத்தில் அதைத் தெளிவாக வரைந்துகொண்டார். பஹாரி ஓவியரின் வெள்ளைப் பூச்சும் லியனார்டோவின் ஊசிமுனையும் செய்யுந் தொழில் ஒன்றே. பிக்காசோவின் குவேர்ணிக்காவும் கூறத்தக்கது. 1937 ஏப்ரல் 26இற் குண்டுவீச்சுக்கு இலக்கான ஊர் அது. மே 1ஆம் நாளே முதற் பென்சில் வரைவுகள் தோன்றின. குதிரையும் எருதும் விளக்கேந்திய பெண்ணும் அன்றே வந்துவிட்டனர். படத்துணியில் எழுதத் தொடங்கியபோது இருந்த உயர்த்திய முட்டிக்கை பின்னர் நீங்கிற்று. டோரா மார் என்பார் படிப்படியாய் எடுத்த நிழற்படங்களால் இன்று அதை அறிகின்றோர் அறிகின்றனர்.

சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் அவர்கள் சட்டைப்பையில் அட்டைகளை வைத்துக்கொண்டு, கண்ட ஆட்டையும் மரத்தையும் சந்தாலப் பெண்ணையும் கீறிக்கொண்டேயிருப்பார். அவரிடம் பயின்ற வினோதபிகாரி முகர்ஜியின் தொழிலோ வரைவுக்கும் முடிவுக்குமுள்ள எல்லையையே அழித்துவிடுகின்றது. 1946-47இல் அங்குள்ள இந்தி பவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இடைக்கால அடியார்களின் வாழ்வை அவர் எழுதினார். ஈரச் சாந்தில் எழுதும் முறை அது. சாந்து உலருமுன் கோடு விழவேண்டும், விழுந்த கோட்டை மாற்றலாகாது. இத்தகைய தொழிலில் முழு அளவுப் படியொன்றை முன்னரே ஆக்கி, துளையிட்டுச் சுவரில் இறக்குவதே ஐரோப்பிய வழக்கம். வினோதபிகாரி சிறு வரைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, முழு அளவுப் படியின்றி, நேராகச் சுவரிலேயே எழுதினார். பிறப்பிலேயே ஒரு கண்ணிற் பார்வையின்றி, மற்றதிற் குறைபார்வையோடு வாழ்ந்தவர் அவர். எண்பதடி அளவான சுவரை ஒருங்கே நோக்குவதே அவருக்கு எளிதாயிருந்திராது. ஆண்டுக்கணக்காய்க் கீறிய சிறு தாள்கள் கையில் ஏறியிருந்தமையாற் சுவர் அவருக்குப் பெரிய தாளாயிற்று. 1950களின் பிற்பகுதியிற் கண்ணறுவைக்குப் பின் எஞ்சிய பார்வையும் போயிற்று. அதன் பின்னரும் அவர் கீறுவதை விட்டிலர். தாளின் விளிம்பைத் தடவி அளவறிந்து கோடிட்டார். மெழுகிலும் களிமண்ணிலும் உருச்செய்தார். அவருடைய மாணவராயிருந்த சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி 'அகக்கண்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தார். தியானக் கொள்கையை ஏற்போரும் தேடற் கொள்கையை ஏற்போரும் இவரைத் தம் சான்றாகக் காட்டலாம்.

பாடசாலைச் சித்திர வகுப்புக்களுக்கு இச்செய்தி பெரிதும் வேண்டப்படுவது. அங்கே முதலிற் கையிலெடுக்கப்படும் கருவி பென்சிலன்று, அழிறப்பரே. 1770ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிற் பென்சிற் கோட்டை உரைத்து நீக்கும் பொருளாகப் பயன்பட்டமையாலேயே மரப்பாலுக்கு ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்னும் பெயர் உண்டாயிற்று. 1876இல் அம்மரத்தின் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. எழுதும் கரியையும் அழிக்கும் பாலையும் ஒருங்கே தரும் நாட்டில், மாணவர் பின்னதையே மிகுதியாய்ச் செலவிடுவது விந்தை. துப்புரவான தாளுக்கே புள்ளி வழங்கப்படுவதால் மாணவன் தன் தேடலை மறைக்கக் கற்கின்றான். முடிந்த படத்தை மட்டும் வாங்கிப் பார்க்கும் ஆசிரியர், அவன் எவ்விடத்தில் வழி தவறினான் என்பதை அறிய வழியில்லை. கணக்குப் பாடத்தில் விடையை மாத்திரம் எழுதிச் செய்கையை அழித்துவிட்டால் எவ்வாசிரியரும் பொறுப்பதில்லை. சித்திரத்தில் மட்டும் அது நற்பழக்கமாய் எண்ணப்படுகின்றது. ஓவியர் இறந்தபின் அவருடைய வண்ணப்படங்களைக் காத்து, கட்டுக்கட்டாய்க் கிடந்த கீறற்தாள்களைப் பழங்கடதாசியோடு போக்கிவிடும் குடும்பங்களும் இதே எண்ணத்தின் வழிவந்தவையே.

தம்பலகாமத்திலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்லும் பெருந்தெரு சிகிரியாவை அணுகுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட காசியப்பன் காலத்தனவாகக் கொள்ளப்படும் பெண்ணுருவங்கள் அக்குன்றின் குடைவில் உள்ளன. தொல்பொருளாய்வாளர் எச். சி. பி. பெல் காலத்தில், 1890களில், டி. ஏ. எல். பெரேரா என்பார் உயரத்திற் கட்டிய சாரத்தில் இருந்து அவற்றைப் படியெடுத்தார். அப்படிகள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. உருவங்களை அணுகி நோக்கின் ஒன்றிற் கை மூன்றாயிருக்கும். வேறொன்றில் மார்பின் கோடு இரு நிலைகளில் விழுந்திருக்கும். வழிகாட்டிகள் இவற்றை வியப்பாகக் கூறுவர். வியப்பு யாதுமில்லை. முதலில் ஒரு நிலையிற் கையை எழுதிய ஓவியன், மலரேந்திய விரல்கள் வேறிடத்தில் அமைதல் நன்றெனக் கண்டு, அங்கே மீண்டும் எழுதினான். முந்தியதை மூடிய பூச்சுக் காலப்போக்கில் மெலிந்துவிட்டது. அழகுபடைத்த அப்பெண்கள் யாரென்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். முகிலோ மின்னலோ அரமகளிரோ அரசியரோ என்பது முடிவாகவில்லை. அவர்களை எழுதியவன் பெயரும் கிடைத்திலது. அம்மூன்றாவது கையில் மட்டும், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளில் அவன் தூரிகையை நிறுத்தி, சற்றுப் பின்வாங்கி நோக்கி, மனம் மாறிய கணம் அழியாமல் நிற்கின்றது.